பட்டணத்துச் சுத்தபோசனம்

ஓட்டலுக்குப் போகிறவர்கள் பசிக்காகப் போகிறார்கள் என்று உலகத்தில் ஒரு நம்பிக்கை நிலவுகிறது. படித்தவர்களும் இதை நம்புவது வேதனைக்குரியது. இது முழுப் பிழை. பசித்தவன் வீட்டுக்குப் போவான். வீட்டில் இன்னது கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும். அப்படித் தெரிந்த காரணத்தாலேயே வீட்டுக்குப் போகாமல் இருப்பவன்தான் ஓட்டலுக்குப் போகிறான். ஆகவே ஓட்டல் என்பது பசியால் உண்டானதன்று, இல்லறத்தால் உண்டானது. சென்னைப் பட்டணத்தில் இத்தனை ஓட்டல்கள் இருப்பதற்குக் காரணம், அங்கே இத்தனை கணவன்மார் இருப்பதே.

இந்த உண்மையைத் தம் வயிற்றையே சோதனைச்சாலையாக்கி நிறுவியவர் ஆவூர் அடைக்கலராஜ் வாத்தியார். ஐம்பத்தேழாம் வருஷத்துத் தவக்காலத்தில் அது நடந்தது.

தவக்காலத்தில் திருச்சபை கேட்பது அதிகமில்லை. வெள்ளிக்கிழமைகளில் மாமிசம் ஆகாது. இதற்குச் சுத்தபோசனம் என்று பெயர். மற்ற நாட்களைப் பற்றித் திருச்சபை பெரிதாக வாய் திறப்பதில்லை. ஆனால் வாத்தியாரின் மனைவி ஜெபமாலையம்மாள் திருச்சபையை விடக் கண்டிப்பானவள். சாம்பல் புதனன்று சாமியார் எல்லாருடைய நெற்றியிலும் சாம்பல் பூசுவார். ஜெபமாலையம்மாள் வீட்டுக்கு வந்ததும் கறிச்சட்டிக்கும் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து, துணியில் கட்டி, பரணில் ஏற்றிவிடுவாள். ஈஸ்டருக்கு ஆண்டவர் உயிர்த்தெழும்போதுதான் சட்டியும் இறங்கும். நடுவில் எல்லா நாளும் சுரைக்காய். சுரைக்காய் இல்லாத நாளில் சுரைப்பிஞ்சு.

வாத்தியார் முதல் வாரமே வாதாடிப் பார்த்தார்.

“மீன் மாமிசம் இல்ல, ஜெபமாலை. திருச்சபையே ஒத்துக்குது.”

“மீன்கிட்ட கேட்டீங்களா?”

“கருவாடாவது...”

“அது செத்த மீன்தானே?”

“எல்லா மீனும் செத்துத்தாண்டி சட்டிக்கு வருது!”

“அப்ப எல்லாம் ஒண்ணுதான். ஒக்காருங்க, எலை போட்டாச்சு.”

வாத்தியார் உட்கார்ந்தார். அவருடைய மகள், மூன்றாம் வகுப்பு படிக்கும் மரிய செல்வி, சுரைக்காயை அப்பாவின் இலைக்கு நைசாகத் தள்ளிவிட்டு எழுந்து ஓடினாள்.

வாத்தியாரால் வெளியில் வாய் திறக்கவும் முடியாது. அவர் வேலை பார்ப்பது மிஷன் பள்ளிக்கூடம். அதற்கு மேனேஜர் பங்குச் சாமியார். போதாததற்கு, வெள்ளிக்கிழமைதோறும் கோவிலில் சிலுவைப்பாதையை உரக்க வாசிப்பவரும் அவரே. சிலுவை சுமந்த ஆண்டவர் மூன்றாம் முறை விழும் இடத்தில் வாத்தியாரின் குரல் தழுதழுக்கும். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்தக் குரல் எதனால் தழுதழுக்கிறது என்பது அவருக்கும் அவருடைய வயிற்றுக்கும் மட்டுமே தெரியும். ஊர் அவரை ஒரு சிறு புனிதராகவே வைத்திருந்தது. புனிதராக இருப்பதில் உள்ள கஷ்டம், சாப்பிடுவதை நாலு பேர் பார்ப்பார்கள் என்பதுதான்.

இந்த நிலையில்தான் ஜெபமாலையம்மாளுக்குக் கண் மங்கியது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. தூரத்தில் வருவது மாமனாரா, மாடா என்று தெரியவில்லை. சென்னையில் நர்ஸ் வேலை பார்க்கும் அவள் தங்கை அடைக்கலமேரி, “டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை காலையில் அக்காவைக் கூட்டி வாருங்கள்” என்று தகவல் அனுப்பினாள்.

மனைவிக்குக் கண் மங்கியதற்காக எந்தக் கணவனும் அத்தனை சந்தோஷப்பட்டிருக்க மாட்டான்.

காரணம் இருந்தது. டிரில் மாஸ்டர் ஆண்டிச்சாமி போன கோடையில் சென்னைக்குப் போய் வந்தவர். அவர் சொன்னது வாத்தியாரின் நெஞ்சில் அப்படியே தங்கியிருந்தது. “புரசைவாக்கத்துல ஒரு பாய் ஓட்டல் இருக்கு சார். பிரியாணி அண்டாவைத் தொறந்தா, ரோட்டுல போற ரிக்‌ஷாக்காரன் வண்டியை நிறுத்திட்டு மூச்சு இழுத்துட்டுப் போவான்.” அந்த வாக்கியத்தை வாத்தியார் சுரைக்காயோடு சேர்த்துத் தினமும் மென்றுகொண்டிருந்தார். அடைக்கலமேரியின் வீடும் புரசைவாக்கத்தில்தான்.

மகளைப் பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயிடம் விட்டுவிட்டு, திருச்சியில் ரயிலேறி, மறுநாள் காலை எழும்பூரில் இறங்கினார்கள். டாக்டர் ஜெபமாலையம்மாளின் கண்ணில் மருந்தை விட்டு, உள்ளே விளக்கடித்துப் பார்த்து, கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தார். “மருந்து வேகம் சாயங்காலம் வரைக்கும் இருக்கும்மா. அதுவரைக்கும் எல்லாம் பொகை மாதிரிதான் தெரியும்” என்றார்.

வாத்தியார் மனசுக்குள் டாக்டரை வாழ்த்தினார்.

ஆஸ்பத்திரி வாசலில் அடைக்கலமேரியோடு மூவரும் நின்றார்கள். உச்சி வெயில். ஜெபமாலையம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வாத்தியார் நிற்கும் திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்துப் பேசினாள்.

“ஏங்க, மத்தியானச் சாப்பாட்டப் பத்தி ஒண்ணு சொல்லணும். கெளம்புறப்ப சாமியாரு...”

“சாப்பாடா?” வாத்தியார் ஓரடி பின்வாங்கினார். “இன்னைக்கு என்ன கெழமை ஜெபமாலை?”

“வெள்ளிக்கெழமை. அதத்தான் சொல்ல வாரேன். சாமியாரு...”

“எனக்கு இன்னைக்கு முழு உபவாசம். பச்சத் தண்ணி பல்லுல படாது.”

“பிரயாணத்துலயா?”

“பிரயாணத்துலதான் ஒருத்தன் பக்தி தெரியும்.”

அடைக்கலமேரி குறுக்கிட்டாள். “அத்தான், அக்கா என்ன சொல்ல வருதுன்னா...”

“நீங்க ரெண்டு பேரும் எங்கிட்டாவது போயி தயிர்சோறு சாப்பிடுங்க. நான் சாந்தோம் கோவிலுக்குப் போயி முழங்கால்ல நின்னுட்டு சாயந்தரம் வாரேன்.”

ஜெபமாலையம்மாள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மருந்து விட்ட கண்ணால் பார்த்தாள். ஆகவே வாத்தியார் கவலைப்படவில்லை.

“சரி, போயிட்டு வாங்க. கொடைய எடுத்துக்குங்க, வெயிலு” என்றாள்.

வாத்தியார் சாந்தோம் திசையில் தெருமுனை வரை பக்தியோடு நடந்தார். முனை திரும்பியதும் ஓடினார்.

ஓட்டலை யாரிடமும் விசாரிக்கத் தேவைப்படவில்லை. ஒரு ரிக்‌ஷாக்காரன் வண்டியை நிறுத்திவிட்டு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தான்.

உள்ளே ஒரே கூட்டம். பளிங்கு மேசைகள். மேலே ஒரு மின்விசிறி, தனக்குத்தான் காற்று வேண்டும் என்பதுபோல் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பின்பக்கம் பச்சைத் திரை தொங்கவிட்ட ஓர் அறை. அதன் மேல் ‘குடும்பத்தாருக்கு’ என்று எழுதியிருந்தது. தெருவிலிருந்து பார்த்தால் தெரியாத இடம் வேண்டுமே என்று வாத்தியார் தேடி, அந்தத் திரைக்கு முன்னால், ஒரு தூணின் மறைவில், திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். இதைவிட மறைவான இடம் சென்னையிலேயே கிடையாது என்று அவருக்குப் பட்டது.

அந்த ஓட்டலில் சீட்டு எழுதும் வழக்கம் இல்லை. பரிமாறுகிறவர், இன்னார் இன்னது கேட்டார் என்பதை, அடுக்களைக்கும் கல்லாவுக்கும் ஒரே மூச்சில் கேட்கும்படி நின்ற இடத்திலிருந்தே கூவுவார். பெயர் தெரியாத ஆட்களை அடையாளம் சொல்லித்தான் கூவ முடியும். “மூணாம் மேசை வழுக்கைத் தலை, பாயா ஒண்ணேய்!” என்று ஒரு குரல் எழுந்தது. வழுக்கைத் தலைக்காரர் சற்றும் வருத்தப்படாமல் கையை நனைத்துக்கொண்டார்.

கூவியவர் யாக்கூப். அவர் வாத்தியாரிடம் வந்தார்.

“இங்கிட்டு ஒக்காரலாம்ல தம்பி? யாரும் வர மாட்டாங்களே?” என்று வாத்தியார் கேட்டார்.

கல்லாவில் இருந்தவர் தலையைத் தூக்கினார். பெயர் ஷேக் பரீது. கோட்டைப்பட்டினத்துக்காரர்.

“அண்ணே, பேச்சு நம்ம புதுக்கோட்டைப் பக்கமால்ல இருக்கு! எந்த ஊருங்க?”

வாத்தியார் தூணோடு ஒட்டிக்கொண்டார். ஆவூர் என்று சொன்னால் ஆவூருக்கே கேட்டுவிடும்போலிருந்தது.

“பொன்னமராவதி.”

“நல்லதாப் போச்சு! யாக்கூப், பொன்னமராவதி ஐயா நம்ம ஊர்க்காரரு. நல்லாக் கவனி!”

“என்ன வேணுங்க ஐயா?”

வாத்தியார் குனிந்து, சாமியாரிடம் பாவம் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பேசுவது போல ரகசியமாகச் சொன்னார். யாக்கூப் நிமிர்ந்தார்.

“தூணோரம் பொன்னமராவதி ஐயா! பிரியாணி ஒண்ணு, சுக்கா ஒண்ணு, மூளை ஒண்ணேய்!”

“தம்பி, கொஞ்சம் மெதுவாச் சொல்லக்கூடாதா?”

“மெதுவாச் சொன்னா மூளை வேற ஆளுக்குப் போயிருங்க ஐயா.”

பிரியாணி வந்தது. ஆவி வந்தது. ஆவிக்கு நடுவே நல்லி எலும்பு ஒன்று தலை நீட்டிக்கொண்டிருந்தது. பல வாரங்களாகச் சுரைக்காயை மட்டுமே கண்ட கண்கள் கலங்கின. அந்த உணர்ச்சிப் பெருக்கில் அவர் செய்த காரியத்தை, உலகத்தில் வேறு எந்தத் திருடனும் செய்திருக்க மாட்டான். பிறந்தது முதல் ஒரு கவளத்தையும் அவர் ஜெபம் சொல்லாமல் வாயில் வைத்ததில்லை. கை தானாக நெற்றிக்குப் போனது. வாய் தானாகத் திறந்தது. சிலுவைப்பாதை வாசிக்கும் அதே குரலில், மூன்றாம் முறை விழும் இடத்துத் தழுதழுப்போடு, ஓட்டல் முழுவதும் கேட்கும்படி, சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபத்தை அவர் முதலிலிருந்து கடைசி வரை சொல்லி முடித்தார்.

“ஆமென்” என்றது திரைக்குப் பின்னால் ஒரு பெண்குரல்.

யோசித்துச் சொன்ன ஆமென் அல்ல அது. வருஷக்கணக்கான பழக்கத்தில் தானாக வந்து விழுந்த ஆமென்.

வாத்தியாரின் கை பிரியாணிக்கு மேல் அப்படியே நின்றது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஒருமுறை யோசித்தார். புரசைவாக்கத்தில் வேதக்காரர்கள் நிறைய. எல்லாருக்கும் ஆமென் சொல்லத் தெரியும். மேலும் ஜெபமாலை இந்நேரம் எங்கேயோ தயிர்சோற்றைத் தடவிக்கொண்டிருப்பாள். இவ்வாறு தர்க்கரீதியாக நிறுவிவிட்டு, அவர் நல்லியைப் பிடித்தார்.

அதன்பின் நடந்தவற்றை அரைமணி நேரம் யாக்கூப்தான் ஊருக்கு அறிவித்துக்கொண்டிருந்தார். “பொன்னமராவதி ஐயா, இன்னொரு சுக்கா!” “பொன்னமராவதி ஐயா, ஈரல் கேக்குறாரு!” “பொன்னமராவதி ஐயாவுக்குக் குழம்பு ஊத்துங்கய்யா, சும்மா நிக்குறியளே!” கடைசியில் வாத்தியார் இடுப்பு வேட்டியைத் தளர்த்திக்கொண்டு எழுந்தபோது, ஷேக் பரீது கல்லாவிலிருந்து எழுந்து நின்று கும்பிட்டார். சொந்த ஊரின் மானத்தை அவர் காப்பாற்றிவிட்டதாக நினைத்திருக்க வேண்டும்.

வாத்தியார் மூன்று தடவை கை கழுவினார். ஒரு பிடி சோம்பு மென்றார். மிச்சப் பகலை ஒரு பூங்கா பெஞ்சில், அசைய முடியாமல், சாய்ந்தபடி கழித்தார். அந்தக் கோலத்தைப் பார்த்து யாரோ ஒரு புண்ணியவதி, “பாவம், பட்டினிபோல” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் மைத்துனி வீட்டுக்குள் நுழைந்தார். ஜெபமாலையம்மாளுக்குக் கண் தெளிந்திருந்தது.

“வாங்க. ரொம்ப வாடிட்டீங்களே. ஒரு காப்பிகூடக் குடிக்கலையா?”

“மூச்! எச்சிகூட முழுங்கல.”

“ஒங்க மேல சோம்பு வாசம் வருதே?”

“கோவில்ல ஒரு புது மாதிரிச் சாம்பிராணி.”

“அப்படியா. சாந்தோம்ல சோம்புல சாம்பிராணி போடுறாங்களாம், மேரி.”

“பட்டணமாச்சேக்கா” என்றாள் அடைக்கலமேரி. அவள் அவசரமாக அடுக்களைக்குள் போனாள். அங்கே ஏதோ பாத்திரம் உருண்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு பொட்டலம் இருந்தது. அவிழ்ப்பதற்கு முன்பே வாத்தியாரின் மூக்கு அதைத் தெரிந்துகொண்டது.

“என்ன இது?”

“பிரியாணி” என்றாள் ஜெபமாலையம்மாள். “காலையிலேருந்து சொல்ல வாரேன், வாயத் தொறக்க விட்டீங்களா? கெளம்புறப்ப சாமியாருகிட்ட கேட்டேன். பிரயாணத்துல இருக்கிறவங்களுக்குச் சுத்தபோசனம் கட்டாயம் இல்லையாம். வாத்தியாரு எளைச்சுக்கிட்டே போறாரு, நல்லா வாங்கிக் குடும்மான்னு உத்தரவே குடுத்துட்டாரு. ஒங்களையும் கூட்டிக்கிட்டுப் போயி மேரி சாப்பாடு வாங்கித் தர்றதா இருந்துச்சு. நீங்கதான் உபவாசம்னுட்டு ஓடிட்டீங்க.”

உத்தரவு இருந்திருக்கிறது! மைத்துனியின் செலவில், மின்விசிறிக்குக் கீழே, ஊர் பெயரை மாற்றாமல், சொந்த மனைவி பரிமாறச் சொல்ல, நிம்மதியாக உண்டிருக்கலாம். பாவமே இல்லாத பிரியாணியைச் சிரமப்பட்டுப் பாவமாக்கித் தின்ற மனிதர் திருச்சபையின் வரலாற்றிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

“சாப்பிடுங்க” என்று ஜெபமாலையம்மாள் பொட்டலத்தைப் பிரித்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். “நாள் முழுக்கப் பட்டினி. எல்லாத்தையும் சாப்பிட்டாகணும்.”

வாத்தியாரின் வயிற்றில் ஒரு பருக்கைக்கும் இடமில்லை. தொண்டை வரை பொன்னமராவதி ஐயா நிறைந்திருந்தார்.

“வேண்டாம்.”

“ஏன்? அதான் உத்தரவு இருக்கே!”

“உத்தரவு வேற, மனசு வேற. நான்... நேந்துக்கிட்டிருக்கேன்.”

“யாருக்கு?”

“அந்தோணியாருக்கு.”

“என்னன்னு?”

“கறியத் தொடுறதில்லைன்னு.”

“எதுக்காக?”

வாத்தியார் நாலாபக்கமும் பார்த்தார். சுவரில் அடைக்கலமேரியின் கல்யாணப் படம் மாட்டியிருந்தது.

“நம்ம செல்விக்கு நல்ல எடமா அமையணும்னு.”

“கல்யாணம் ஆகுற வரைக்குமா?”

விரதத்தைப் பற்றிய ஓர் உண்மையை இங்கே சொல்ல வேண்டும். வயிறு நிறைந்திருக்கும்போது அதை எத்தனை காலத்துக்கு வேண்டுமானாலும் எடுக்கலாம். அந்த நேரத்தில் வாத்தியாருக்குக் கறி என்ற சொல்லே கசந்தது. பொட்டலம் மூக்கை விட்டு அகன்றால் போதும் என்றிருந்தது.

“ஆகுற வரைக்கும்!” என்றார்.

ஜெபமாலையம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். “மேரி, கேட்டியா? நீதான் சாட்சி.”

“கேட்டேன்க்கா. செல்விக்கு இப்ப என்ன வயசு?”

“எட்டு முடிஞ்சு ஒம்பது.”

அக்காவும் தங்கையும் அந்தப் பொட்டலத்தை மெதுவாக, ஆளுக்குக் கொஞ்சமாகக் கொறித்தார்கள். மத்தியானம் தயிர்சோறு மட்டும் சாப்பிட்டவர்கள் அப்படிக் கொறிக்க மாட்டார்கள். இதைக் கவனிக்கும் நிலையில் வாத்தியார் இல்லை. அவர் பள்ளியில் கணக்கும் நடத்துகிறவர்தான். ஆனாலும் அன்று கணக்குப் போடவில்லை. மறுநாள் ரயிலில், வயிறு சற்று இறங்கிய பிறகு, விழுப்புரத்தைத் தாண்டும்போது போட்டார். அதன்பின் திருச்சி வரை ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார்.

ஊர் திரும்பிய கையோடு ஜெபமாலையம்மாள் நேர்ச்சையைப் பற்றிச் சாமியாரிடம் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் பிரசங்கத்தின் நடுவே கண்ணாடியைக் கழற்றினார். உருக்கமான விஷயம் வந்தால் அவர் அப்படிச் செய்வார்.

“பட்டணத்தில், நாலு பக்கமும் ஓட்டல்கள் மணக்கும் இடத்தில், நான் கொடுத்த உத்தரவையும் வேண்டாமென்று தள்ளி, பச்சைத் தண்ணீர் படாமல் இருந்திருக்கிறார் ஒருவர். போதாதென்று, தம் மகள் கரையேறும் வரை மாமிசம் தொடுவதில்லை என்று அந்தோணியாருக்கு நேர்ந்திருக்கிறார். அவர் யாரென்று நான் சொல்ல மாட்டேன்.”

சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. கோவில் மொத்தமும் திரும்பி வாத்தியாரைப் பார்த்தது. பெண்கள் முந்தானையை எடுத்தார்கள். வாத்தியாரின் கண்ணிலும் நீர் வந்தது. அது ஊருக்கு இன்னும் பிடித்துப்போயிற்று. அன்று முதல் ஆவூரில் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், “வாத்தியாருக்குச் சைவப் பந்தி!” என்று வாசலிலேயே குரல் எழுந்தது.

ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டால், சாமியாரே நேர்ச்சையிலிருந்து விடுவித்துவிடுவார். வாத்தியார் துணிந்து போய் வரிசையில் நின்றார். முறை வந்து முழங்காலிட்டார்.

“சாமி, பட்டணத்துல ஒரு ஓட்டல்ல...”

“என்னது?” என்றார் சாமியார். அவருக்குக் காது மந்தம். “சத்தமாச் சொல்லும்! எங்கே?”

வாத்தியார் ஓரக்கண்ணால் பின்னால் பார்த்தார். வரிசையில் அடுத்து நின்றவள் ஜெபமாலையம்மாள். புதுக் கண்ணாடி போட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் பொன்னுத்தாய், அவளுக்குப் பின்னால் ஊர்.

“கோபப்பட்டேன் சாமி” என்று உரக்கச் சொல்லிவிட்டு, அதற்கான அபராத ஜெபங்களை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

ஈஸ்டர் வந்தது. பரணிலிருந்து சட்டி இறங்கியது. விடிந்ததிலிருந்தே ஆவூரில் எல்லா வீட்டுக் கூரைக்கு மேலும் மசாலா மணம் எழுந்தது. வாத்தியார் வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. மத்தியானம் மூன்று இலை போட்டார்கள். இரண்டு இலைகளில் ஆட்டுக்கறிக் குழம்பு, வறுவல், நல்லி. வாத்தியார் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

“ஜெபமாலை.”

“சொல்லுங்க.”

“ஒரே ஒரு துண்டு. அந்தோணியாரு ரொம்ப நல்லவரு. கண்டுக்க மாட்டாரு.”

“மொதல்ல ஜெபத்தச் சொல்லுங்க. ஆறுது.”

வாத்தியார் சொன்னார். நல்லியைப் பார்த்துக்கொண்டே சொன்னதால் குரல் தழுதழுத்தது.

“ஆமென்” என்றாள் ஜெபமாலையம்மாள்.

அந்த ஆமெனை வாத்தியார் இதற்கு முன் ஒரு பச்சைத் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டிருந்தார். ஜெபமாலையம்மாள் எழுந்து அடுப்பங்கரைப் பக்கம் போனாள். நிலைப்படியில் நின்று, உள்ளே யாரும் இல்லாத அடுப்பங்கரையைப் பார்த்து, யாக்கூப் தோற்கும்படி கூவினாள்.

“தூணோரம் பொன்னமராவதி ஐயா! சொரக்காக் கொழம்பு ஒண்ணேய்!”

பிறகு தானே உள்ளே போய், தானே கொண்டுவந்து, அவர் இலையில் ஊற்றினாள். வாத்தியார் பிசைந்தார்.

மரிய செல்வி நல்லியை இலையில் தட்டி, உள்ளிருந்ததை உறிஞ்சி முடித்தாள். பிறகு, பெரியவளானதும் தான் கல்யாணம் கட்டிக்கொள்ளப் போவதில்லை என்றும், திருச்சிக்குப் போய்க் கன்னியர் மடத்தில் சேரப் போவதாகவும் சொன்னாள்.